தவராசாவின் மூன்றாம் பக்கம்

1

சென்ற மாதம் எங்கள் கலைமன்றச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். அவர் எடுத்தால் ஒன்றில் மண்டபத்தில் கதிரை அடுக்க ஆள் தேவை, அல்லது யாரோ செத்துப்போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டு "ஓம், சொல்லுங்கோ" என்றேன்.

"அண்ணை, ஆண்டுவிழாவில இந்த முறை உங்களுக்குத்தான் விருது. மறுக்கக் கூடாது."

மறுக்கிற எண்ணம் எனக்கு இம்மியும் இருக்கவில்லை. இருந்தாலும் மரியாதைக்காக, "எனக்கு ஏன் தம்பி இதெல்லாம், இளம் ஆக்களுக்குக் குடுங்கோ" என்றேன்.

"அப்பிடியெண்டால் நான் மிருதங்க வாத்தியாரைக் கேட்கட்டோ?"

"இல்லை, இல்லை. நீங்கள் இவ்வளவு தூரம் கேட்கேக்க..."

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் விருது வாங்குகிறவரே தன் புகழுரையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 'கலை வாழ்வும் பெற்ற விருதுகளும்' என்று தலைப்புப் போட்டு, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், 'அவர்' என்று எழுத வேண்டும். மேடையில் அறிவிப்பாளர் அதை வாசிக்க, நாங்கள் தலையைக் குனிந்து, இப்போதுதான் முதல்முறை கேட்கிறவர்கள்போல வெட்கப்பட வேண்டும்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். 'புலம்பெயர் மண்ணில் நாற்பது ஆண்டுகளாகத் தமிழ் நாடகம் வளர்த்தவர்' என்று முதல் வரி வந்தது. நாடகத்தை நான் வளர்க்கவில்லை. அது என்னை இருட்டு மண்டபங்களில் இருத்தி முதுகுவலியைத்தான் வளர்த்தது. எழுதிய நாடகங்கள் பதினொன்று. அவற்றில் பார்வையாளர்கள் கடைசிவரை இருந்தவை இரண்டு. பெற்ற விருதுகள்: ஒரு கேடயம், ஒரு பொன்னாடை. பொன்னாடையால் என் மனைவி சாந்தி தையல் மெசினை மூடி வைத்திருக்கிறாள். கேடயம் 'பூட்டிய சைக்கிள்' என்ற நாடகத்துக்குக் கிடைத்தது.

அந்தப் பெயரை எழுதியதும் பேனை நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டேன்.

2

அதே நாட்களில் என் மகள் மதுராவும் ஒருவருடைய கலை வாழ்வையும் பெற்ற விருதுகளையும் எழுதிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. கொலோனில் சினிமா பற்றிப் படிக்கிறாள். வேலை கிடைக்குமா என்று கேட்டால், "அப்பா, நீங்கள் நாடகம் எழுதி என்ன கிடைச்சது?" என்று திருப்பிக் கேட்பாள். விடுமுறைக்கு நாங்கள் இருக்கிற வுப்பர்டாலுக்கு வந்து, குசினி மேசை முழுவதும் தாள்களைப் பரப்பியிருந்தாள்.

அவள் எழுதியது போன நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஓர் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளரைப் பற்றி. அவருடைய பெயரை இங்கே நான் எழுதவில்லை. பெயர் இல்லாமலே இருந்து பழகின மனிதர், கோவிக்கமாட்டார்.

"இந்த ஆளின்ர அரசியல் பிடிக்கேல்லை எண்டு லிஸ்ற்றில போட்டினம் அப்பா. பிறகு ஒரு ஸ்டூடியோவும் வேலை குடுக்கேல்லை. அப்ப இவர் வீட்டில இருந்து எழுதும், சிநேகிதர் தன்ர பெயரைப் போடும்."

மதுராவின் தமிழில் மனிதர்களும் மேசை கதிரையும் ஒரே திணை. நான் திருத்துவதை விட்டுப் பல வருசம்.

"பரிசு ஏதும் கிடைச்சுதோ?"

"பெரிய பரிசு கிடைச்சது. சிநேகிதர் போய் வாங்கினது. எழுதின ஆள் வீட்டில இருந்து டிவியில பார்த்தது."

"பிறகு?"

"கிழவன் ஆன பிறகு பெயரை மாத்திப் போட்டினம்."

"கிழவன் ஆன பிறகு எனக்கும்தான் தருகினம்" என்று என் பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"எல்லாரும் எழுதின ஆளைப் பற்றித்தான் எழுதியிருக்கினம். பரிசை வாங்கின சிநேகிதர் அதுக்குப் பிறகு என்னண்டு நித்திரை கொண்டது? அதை ஒருத்தரும் எழுதேல்லை. நான் அதைத்தான் எழுதப் போறன்."

"நல்லாத்தான் நித்திரை கொண்டிருப்பார்" என்றேன்.

எனக்குத் தெரியும். நான் நல்லாத்தான் நித்திரை கொள்கிறேன்.

3

அந்த ஞாயிறு மத்தியானம் வழமைபோலத் தவராசா சாப்பிட வந்தார். இருபது வருசத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பை இருக்கிறது. மதுராவுக்கு அவர் தவம் மாமா. எனக்கு ஹைமில் ஒரே அறையில் கிடந்த தம்பி. அகதி விண்ணப்பம் போட்டவர்களை அடைத்து வைத்திருந்த விடுதியைத்தான் நாங்கள் ஹைம் என்போம். அறுபது தாண்டியும் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் துணி மடிக்கிறார். கலியாணம் செய்யவில்லை.

தவம் அதிகம் கதைக்கமாட்டார். வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போனாலும் விரலால் காட்டித்தான் வாங்குவார். ஏதாவது அலுவலகத்தில் டெர்மின், இன்ன நேரத்துக்கு வா என்று கடிதம் வந்தால் முகம் கறுத்துவிடும். "எனக்கு வடிவாச் சொல்ல வராது அண்ணை, நீங்கள் வந்து சொல்லுங்கோ" என்பார். நாற்பது வருசமாக அவருடைய வாய் நான்தான். இப்போது மதுராவும்.

அவருக்கு ஜெர்மன் குடியுரிமை எடுத்தே தீருவது என்று மதுரா பிடிவாதமாக நின்றாள். "மாமா, நீங்கள் வோட் போட வேணும்" என்பாள். வரப்போகிற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் நகரசபையில் டெர்மின். அதற்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டும், ஒரு பக்கத்தில் வாழ்க்கை வரலாறும் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வருசம் எந்த விசாவில் இருந்தார் என்று தேதி தேதியாகக் கேட்பார்கள்.

"மாமா, பழைய பேப்பர் எல்லாம் கொண்டு வந்தனீங்களோ?"

தவம் பையில் இருந்து தடித்த கடிதக் கோப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து வந்த எல்லாக் கடிதமும் துளை போட்டு வரிசையாக இருந்தது. கடித உறைகள்கூட இருந்தன.

"முதல் கேஸின்ர ரிஜெக்சன் கடிதமும் இருக்கோ?"

"ஓம் பிள்ளை, எல்லாம் இருக்கு."

"நான் முழுக்க வாசிச்சு எழுதுறன்."

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. என்னுடைய பதினொரு நாடகத்திலும் ஒரு பக்கம்கூட அவள் வாசித்ததில்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை அவள் தண்ணீர் குடிக்கிற மாதிரி வாசித்துவிடுவாள்.

4

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் இங்கே வந்தேன். வரும்போது என்னிடம் இருந்தவை ஒரு கடவுச்சீட்டும், ஊர்ப் பத்திரிகையின் வாரப்பதிப்பில் வந்த என்னுடைய ஒரே சிறுகதையின் வெட்டித் துண்டும். கடவுச்சீட்டை என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் திருப்பி வாங்கிக்கொண்டான். சிறுகதையை அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தத் துண்டைக் காட்டியதால் ஹைமில் எனக்கு 'எழுத்தாளர்' என்று பெயர் வந்தது. எழுத்தாளருக்கு ஹைமில் ஒரு வேலை இருந்தது: கேஸ் எழுதிக் கொடுப்பது. விசாரணைக்குப் போகிறவன் அதிகாரி முன் என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அவன் ஒரு கிழமை அதைப் பாடமாக்குவான்.

பொய் சொல்லவா வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். எல்லாரும் உயிருக்குப் பயந்துதான் வந்தோம். ஆனால் ஊர் எரிந்தது என்று சொன்னால் இங்கே போதாது. உன்னை, உன்னைத்தான், பெயர் சொல்லித் தேடினார்களா என்று கேட்பார்கள். ஷெல்லுக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது என்று அவர்களுக்கு விளங்கப்படுத்த எங்களிடம் பாஷை இருக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் நடந்ததை ஒருவனுக்கு மட்டும் நடந்த மாதிரி நான் எழுதினேன்.

எனக்கொரு தொழில் இரகசியம் இருந்தது. அதிகாரிகள் அழுகையை நம்பமாட்டார்கள். ஒரு சின்னப் பொருளை நம்புவார்கள். ஒரு குடை, ஒரு அறுந்த செருப்பு, பாதி எழுதின கடிதம். யாரும் இட்டுக்கட்ட யோசிக்காத ஒரு பொருளைக் கதையின் நடுவில் வைத்துவிட்டால் அதிகாரியின் பேனை வேகமாக ஓடும்.

இவ்வளவு கெட்டிக்காரனுடைய சொந்தக் கேஸ் முதல் சுற்றிலேயே விழுந்தது. 'விபரங்கள் போதாது' என்று எழுதியிருந்தார்கள். பிறகு நான் சாந்தியைக் கட்டினேன். அவளுக்கு விசா இருந்தது. காதல்தான், இருந்தாலும் விசாவும் இருந்தது.

5

தவம் என்னிடம் கேஸ் எழுதக் கேட்கவில்லை. அவனுக்குத் தேவை இருக்கவில்லை. ஒருநாள் காலமை ஹைமின் குசினியில் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னான். அப்போது அவன் நன்றாகக் கதைப்பான்.

அவனுடைய தம்பி ரவி கடிதம் போடத் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போனான். சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு. திரும்பி வரவில்லை. அடுத்த நாள் விடியச் சைக்கிள் மட்டும் வீட்டுப் படலையடியில் நின்றது. ஒரு சிவப்புச் சைக்கிள். யாரும் எறிந்துவிட்டுப் போகவில்லை. வடிவாக ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"பூட்டை உடைப்பம் எண்டு நான் சொல்ல, அம்மா விடேல்லை அண்ணை. ரவி திறப்போட வருவான் எண்டா. முற்றம் கூட்டேக்க பின் சில்லைத் தூக்கித்தான் சைக்கிளை அரக்கி வைக்கிறது. பிறகு என்னையும் தேடி வந்திட்டாங்கள்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கியது. அது உண்மை. அதே நேரம் மண்டைக்குள் ஒருவன் இருந்து பென்சில் தீட்டினான். அதுவும் உண்மை.

அடுத்த கிழமை குணத்துக்கு விசாரணை. குணம் எங்கள் பக்கத்து அறை. அவன் ஊரோடு ஓடி வந்தவன், சொல்ல ஒரு காட்சியும் இல்லை. என் கட்டிலில் இருந்து அழுதான். "திருப்பி அனுப்பினால் நான் செத்தேன் அண்ணை" என்றான். அவனுக்கு மூன்று அக்காமார், தம்பியே கிடையாது. நான் ஒரு தம்பியைக் கொடுத்தேன். சந்தியில் ஒரு சுற்றிவளைப்பு. விடியக் காலமை படலையடியில் ஒரு சிவப்புச் சைக்கிள், பூட்டினபடி.

குணத்துக்குக் கிடைத்தது. ஹைமே கோழி சமைத்துக் கொண்டாடியது. எனக்கு ஒரு பக்கெட் சிகரெட் தந்து, சவர்க்காரப் பெட்டியைக் கேடயமாக்கிக் கையில் கொடுத்தார்கள். என்னுடைய முதல் விருது அதுதான். தவமும் கைதட்டினான். கோழிக்காலைக் கடித்தபடி, "நீங்கள் எழுதினால் விழாது அண்ணை" என்றான். என்ன எழுதினேன் என்று அவனுக்குத் தெரியாது. குணத்திடம் ஒருவருக்கும் சொல்லாதே என்றிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தவத்துக்கு விசாரணை. பஸ் ஏற்றிவிடப் போனேன். 'சைக்கிளை விட்டிட்டுச் சொல்லு' என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்பான். "வடிவாச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் காட்டினேன்.

கடிதம் வந்தது. ஹைமில் ஜெர்மன் தெரிந்த ஆள் நான். அதாவது என்னிடம் அகராதி இருந்தது. தவம் பக்கத்தில் நிற்க, பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: பூட்டிய நிலையில் வாசலில் விடப்பட்ட சைக்கிள் பற்றிய விபரம் வேறொரு விண்ணப்பதாரரின் விசாரணை மூலம் ஏற்கெனவே தெரிந்தது, ஆகவே இது மனப்பாடம் செய்யப்பட்ட கதை என்று கருதப்படுகிறது.

"என்னவாம் அண்ணை?"

"நீ வடிவாச் சொல்லேல்லையாம்."

அவன் கடிதத்தை என் கையில் இருந்து வாங்கினான். "அப்ப நான் என்னண்டு சொல்லியிருக்க வேணும்?" என்று கேட்டான்.

நான் அதற்கு மறுமொழியும் சொன்னேன். "கொஞ்சம் அழுதிருக்கலாம்" என்றேன்.

மேன்முறையீட்டை நானே எழுதினேன். இந்தமுறை சைக்கிளை எடுத்துவிட்டேன். முதலில் சொன்னதை இப்போது சொல்லவில்லை, முரண்பாடு இருக்கிறது என்று அதையும் தள்ளினார்கள்.

6

பிறகு தவத்துக்கு டுல்டுங் கொடுத்தார்கள். இருக்க உரிமை இல்லை, ஆனால் இப்போதைக்கு அனுப்பமாட்டோம் என்கிற கடதாசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று முத்திரை குத்த வேண்டும். அந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. தாய் செத்தபோது போக ஏலவில்லை. ஊரில் பேசி வைத்திருந்த பெண் ஏழு வருசம் பார்த்தாள். பிறகு அவளை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றும் தவம் முத்திரை வரிசையில்தான் நின்றார். பழைய கேஸ்காரருக்கு இரக்கம் பார்த்து ஒரு சட்டம் வந்து, நிரந்தர விசா கையில் கிடைத்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

இதற்கிடையில் அவருடைய கதைபேச்சு நின்றுபோனது. ஒரேயடியாக நிற்கவில்லை; குழாயை மெல்ல மெல்ல இறுக்குகிற மாதிரி. உண்மையைச் சொல்லியும் நம்பவைக்கத் தெரியாத வாய் எதற்கு என்று அவர் முடிவெடுத்திருக்க வேண்டும்.

நான் இன்னும் ஒன்று செய்தேன். மன்றத்து நாடகப் போட்டிக்குக் கதை இல்லாமல் தவித்தபோது, "தவம், உன்ர சைக்கிளைப் போடட்டே?" என்று கேட்டேன்.

"போடுங்கோ அண்ணை. நீங்கள் வடிவாச் சொல்லுவியள்."

மேடைக்கு ஒரு பழைய சைக்கிள் எடுத்து நானே சிவப்பு மை பூசினேன். திரைக்குப் பின்னால் நின்று அதைத் தள்ளிவிட்டது தவம். மண்டபமே அழுதது. கேடயம் எனக்கு.

7

திங்கட்கிழமை மதுரா குளிக்கப் போனாள். கோப்பு மேசையில் இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திறந்து, மூன்றாம் பக்கத்தைக் கழற்றி மடித்து, மாரிக்காலக் கோட்டின் உட்பைக்குள் வைத்தேன். அறுபத்தெட்டு வயதில், என் சொந்தக் குசினியில், காலுறையோடு நுனிக்காலில் நடந்த திருடன். என்னைப் பார்க்க எனக்கே பகிடியாக இருந்தது. 

புதன்கிழமை அவள் அறைக்குள் வந்தாள்.

"அப்பா, ரிஜெக்சன் கடிதத்தில மூண்டாம் பக்கம் இல்லை. இரண்டு இருக்கு, நாலு இருக்கு."

"தவம் எங்கையும் விட்டிருப்பார்."

"மாமா கடித உறையையே வைச்சிருக்குது அப்பா."

"அப்ப எலி கொண்டு போயிருக்கும்."

"பரவாயில்லை. அலுவலகத்துக்கு எழுதினால் கொப்பி அனுப்புவினம். அவையளிட்ட எல்லாம் இருக்கும்."

இந்த நாட்டில் மனிதர் தொலைந்து போகலாம், கடதாசி தொலையாது. அதை மறந்துவிட்டுக் களவெடுத்த என்னை நினைக்கச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே எழுந்துபோய்க் கோட்டுப் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவள் நின்றபடி வாசித்தாள். அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

"ஆர் இந்த வேற விண்ணப்பதாரர்?"

சொன்னேன். குணம், கோழி, சிகரெட், எல்லாம். நடுவில் இரண்டு பகிடி விட்டேன். அவை நிலத்தில் விழுந்து கிடந்தன.

"இதை மாமாவுக்கு மொழிபெயர்த்தது நீங்கள்தானே?"

"ஓம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடதாசியை மேசையில் வைத்து, மடிப்பைக் கையால் அழுத்தித் தட்டையாக்கினாள்.

"செவ்வாய்க்கிழமை டெர்மின். அதுக்கு முதல் நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன். என்ர தமிழில சொன்னால் அது இன்னும் மோசமா இருக்கும்."

8

சனிக்கிழமை பின்னேரம் கோப்பைத் தூக்கிக்கொண்டு தொங்குரயில் ஏறிப் போனேன். நாலு தரிப்பு. கீழே ஆறு ஓட, மேலே தொங்கிக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நல்ல வசனங்கள். இறங்கும்போது மூன்றையும் ஆசனத்திலேயே விட்டுவிட்டேன்.

தவம் கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, ஞாயிறுக்கு முதலே வந்திட்டியள்" என்றார். ஒற்றை அறை. துணி மடித்துப் பழகின கை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தேத்தண்ணி போட்டு வைத்தார்.

நான் மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "தவம், இதை நான் உனக்கு அண்டைக்குச் சரியா வாசிச்சுச் சொல்லேல்லை."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பிறகு குணத்தைச் சொன்னேன். பஸ் தரிப்பில் வாய்வரை வந்ததையும் சொன்னேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

தவம் கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார். சைக்கிள் என்ற சொல்லைத் தேடி அதன்மேல் விரலை வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப அண்ணை," என்றார். "நான் வடிவாத்தான் சொன்னனானோ?"

"ஓம் தவம். நீ வடிவாத்தான் சொன்னனீ."

"நான் அழேல்லை எண்டு..."

"அதெல்லாம் நான் சொன்னது. கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். பக்கத்தை எடுத்து, இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் துளைகளைப் பார்த்துக் கோத்து, கோப்பின் வளையத்தை அழுத்தி மூடினார்.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தேன். அவர் குடிக்கவில்லை. கதவடியில் சப்பாத்துப் போடும்போது பின்னால் நின்று சொன்னார்:

"நாளைக்கு நான் வரேல்லை."

9

அவர் வரவில்லை. சாந்தி பழக்கத்தில் அவருடைய கோப்பையையும் எடுத்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்து அடுக்கினாள். அவளுக்கு மதுரா சொல்லியிருந்தாள்.

விருதுப் பக்கத்தை முடித்தேன். நாடகங்களின் வரிசையில் 'பூட்டிய சைக்கிள்' என்பதற்குப் பக்கத்தில், 'கதை தவராசாவுடையது. விருது பெறுபவர் அதைக் கேளாமல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார், அதனால் தவராசாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று சேர்த்தேன். செயலாளர் உடனே தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? சின்னப் பிள்ளையள் டான்ஸ் ஆடி முடிய இதை என்னண்டு வாசிக்கிறது?"

"அப்ப விருதை மிருதங்க வாத்தியாருக்குக் குடுங்கோ."

"நான் அந்த வரியை மட்டும் எடுத்துவிடுறன், ஒருத்தருக்கும் தெரியாது."

"தம்பி, ஒரு பக்கத்தை எடுத்தால் இங்க கண்டுபிடிச்சிடுவினம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மிருதங்க வாத்தியார் மறுப்பேதும் சொல்லவில்லை என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை மதுரா தவத்தோடு நகரசபைக்குப் போனாள். அறை வாசலில் அவர் கையைக் காட்டி அவளை வெளியே இருக்கச் சொன்னாராம். "மாமா, நான் வந்து சொல்லுறன்" என்று அவள் எழும்ப, "வேண்டாம் பிள்ளை, நான் சொல்லுவன்" என்றாராம். கோப்பைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடத்து வேலைக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

மதுரா அன்று பின்னேரம் குசினியில் இருந்து எனக்குச் சொன்னாள்.

"வாழ்க்கை வரலாற்றில 'தம்பி ஒருவர்' எண்டு இருந்தது. தம்பி எங்க இருக்குது எண்டு அந்த மனிசி கேட்டிருக்க வேணும். பிறகு மாமாவின்ர குரல்தான் கேட்டது. நான் மாமா ஜெர்மன் கதைச்சு இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை. எல்லாம் பிழை அப்பா. ஒரு வசனமும் சரியில்லை. ஆனால் நிப்பாட்டேல்லை."

"என்ன சொன்னவர்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அமெரிக்கரின் சிநேகிதரைப் பற்றி அவள் எழுதி முடித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

"கதவு வடிவாச் சாத்தேல்லை. எல்லாம் கேட்டனான். ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டன். நீங்கள் எழுதிப் போடுவியள்."

ஆகவே அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

இந்தக் குறிப்புகளை எழுதி முடித்ததும், ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்ப முதல், மதுராவிடம் கொடுத்துத் தவத்துக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால் கிழித்துப்போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் சாப்பிடுகிறாள். இரண்டு கிழமை ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் கிழமை தாள்கள் திரும்பி வந்தன, துளை போட்டு, வரிசையாக. ஓரிடத்திலும் வெட்டு இல்லை. ஐந்தாம் பகுதியில் ஒரே ஒரு சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார். குணத்தின் கேஸிலும், மேடையிலும், இந்தக் குறிப்பிலும் நான் எழுதிக்கொண்டே வந்த சொல். நாற்பது வருசத்தில் ஒருநாளும் அவரிடம் கேட்காத விபரம். மேலே நான் அதைத் திருத்தவில்லை. நான் எழுதினது எழுதினபடி கிடக்கட்டும். அவருடைய திருத்தம் இது:

"சிவப்பு இல்லை அண்ணை. பச்சை."